இலை வாட்டும் மாடியில் ஆர்மோனியப் பலகை

பயந்தாங்கொள்ளி என்று என்னைச் செல்லமாகவும், பல சமயம் செல்லம் இல்லாமலும் கூப்பிட்ட என் அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கிவிட்டு, இப்படிக் கேட்பது முறைதானா என்று யோசித்து நிறுத்திவிட்டேன். போனவர்களிடம் நலம் விசாரிக்கலாமா, கூடாதா? நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தரவில்லை. அதனால் விசாரிப்பை விட்டுவிட்டு நேரே செய்திக்கு வருகிறேன்.

மாசிலாமணியின் பட்டறை எரிந்துபோய்விட்டது.

ஆளுக்கு ஒன்றும் இல்லை. நீ பதறமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அரவேணு பஸ் நிறுத்தத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட பட்டறைதான். இந்த மலையில் ஆர்மோனியம் செய்கிறவர் அவர் ஒருவர். மஞ்சூர் வரைக்கும் கோயில் பஜனையும் மாதா கோயில் பாட்டும் அவர் செய்த பெட்டிகளால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவரிடம் பெட்டி வாங்கியவர்கள் எல்லோரும் கூடவே திட்டும் வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய திட்டைத் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் நீதான் என்று ஊரில் இன்னும் பேச்சு.

தீ எப்படிப் பிடித்தது தெரியுமா? பலகை ஒட்டும் வச்சிரப் பசையை அடுப்பில் காய்ச்சப் போட்டுவிட்டு, எதிரே இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். சாமி கும்பிட அல்ல. பஜனைக்காரர்கள் வாசிப்பது தப்பு என்று சண்டை போட. "பெட்டி நான் செஞ்சது, நல்லாத்தான் இருக்குது. கை உங்களுது, அதுதான் கெட்டுப்போய்க் கெடக்குது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் புகை. பஜனைக்காரர்கள் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். "பேச்ச மாத்தாதீங்கய்யா!" என்று இவர் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாராம்.

அப்புறம் ஊரே வாளியோடு ஓடியது. நானும் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் வாளித் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தேன். இப்படித்தான் நான், உனக்குத் தெரியாததா?

உளிகள் தப்பித்தன. சுரம் தருகிற பித்தளை ரீடுகள் இருந்த தகர டப்பாவை அவர் மனைவி ரோசம்மா மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆனால் மரம் போய்விட்டது. பரணில் பல வருஷமாகக் காயவைத்திருந்த தேக்குப் பலகைகள் அத்தனையும் சாம்பல்.

மரம் போனால் வேறு மரம் வாங்கக்கூடாதா என்று நானும் அப்பாவியாகக் கேட்டேன். அதற்கு மாசிலாமணி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கமாட்டேன். ஆர்மோனியத்துக்கு மரம் உள்ளெல்லாம் காய்ந்திருக்க வேண்டுமாம். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பின்னால் பலகை வளையும், மூட்டு விடும், காற்று ஒழுகும், பாட்டு இருமும். நம் மூடுபனியில் துவைத்த வேட்டியே ஒரு வாரம் கொடியில் கிடக்கிறது. பலகை காய எத்தனை காலம்?

"எனக்கு அவ்வளவு ஆயுசு கெடையாது" என்றார். "திருப்பூருக்குப் பொண்ணு வீட்டுக்குப் போறேன். அங்க வெயிலு இருக்குது. மரமும் காயும், நானும் காஞ்சு போறேன்."

ரோசம்மா டிரங்குப் பெட்டியில் சாமான் அடுக்கத் தொடங்கிவிட்டார். மகள் வீடு மூன்றாம் மாடியில். இழைப்புளி போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். மருமகன் நல்ல மனிதர். "மாமா வந்து சும்மா உக்காந்திருக்கட்டும்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சும்மா உக்காந்தா இந்த மனுசன் ஒரு வருசம் தாங்கமாட்டாருங்க சார்" என்றார் ரோசம்மா என்னிடம், தனியாக. "கையில வேலை இருந்தாத்தான் அவருக்கு மூச்சே. வெளிய சொல்லிப்போடாதீங்க, நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னையும் பஜனைக்காரன்னு நெனச்சுத் திட்டுவாரு."

அக்கா, அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். திட்டு வாங்கிய பஜனைக்காரர்களே சுவர் எழுப்பினார்கள். மேட்டு ஹட்டி கிராமத்திலிருந்து கூரைக்குத் தகரம் வந்தது. பிறகு ஆளுக்கொரு மரத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கட்டில் கால். ஒருவர் மாட்டுக் கொட்டகைக் கதவு. மாதா கோயிலிலிருந்து ஒரு பெஞ்சு. மாசிலாமணி ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தீர்ப்புச் சொன்னார்.

"இது கட்டிலு. கட்டிலாவே சாகட்டும்."

"இது சில்வர் ஓக்கு. டீச்செடிக்கு நெழலுக்கு நிக்கறதுக்குப் பொறந்தது. இதப்போய் யாருய்யா அறுத்தது?"

"இது பெஞ்சு. எத்தன வருசமா பிரசங்கம் கேட்டிருக்கும் பாவம், இதுக்கு மேல பாட்டு வேற பாடணுமா?"

கடைசியில் காதர் பாய் வந்தார். உனக்குக் கதவுத் தாழ்ப்பாளைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் அழுத அதே இரும்புக்கடைக் காதர் பாய்தான். மேட்டுப்பாளையத்து மர டிப்போவில் தெரிந்தவரைப் பிடித்து, நல்ல தேக்குப் பலகையாக ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மாசிலாமணி தட்டினார். தடவினார். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. உடனே வாடியது.

"மரம் ராசா மாதிரி இருக்குது பாய். ஆனா ஈரம்."

"எப்பக் காயும்?"

"நாம ரெண்டு பேரும் மௌத்தானதுக்கு அப்புறம்."

"அப்ப எனக்கு வந்து சொல்லுவீங்களா?" என்றார் காதர் பாய். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பாக்கியம் பேசினாள். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, நம் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவள். "ஏங்க ஐயா, கொழுந்த வாட்டுற மாதிரி பலகையையும் வாட்டுனா என்ன?" என்றாள்.

ஃபேக்டரி மாடியில், பறித்த இலையைப் பரப்பி வைக்கிற நீளமான தொட்டிகள் இருக்கின்றன அல்லவா? அடியில் வலை, வலைக்குக் கீழே காற்றாடி. இதமான சூட்டில் இரவும் பகலும் காற்று மேலே வந்துகொண்டே இருக்கும். அரைக்கப் போகும் முன் இலையின் ஈரத்தை வாங்கத்தான் அந்த ஏற்பாடு. இது உறைபனிக் காலம், செடி கருகி இலை வரத்து இல்லை. பாதித் தொட்டி வெறுமே கிடக்கிறது. மாசிலாமணி தாடையைத் தடவினார். "காத்து மெதுவா வருமா? சூடு ஒரே மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். திட்டாமல் அவர் கேட்ட கேள்வியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஃபேக்டரி ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான்தானே. உண்மையில் அவர்கள் தேடியது உன்னை. "உங்க அக்கா இருந்திருந்தா இந்நேரம் போய்ப் பேசி முடிச்சிட்டு, டீயும் குடிச்சிட்டு வந்திருக்கும்" என்றார் காதர் பாய். நியாயம்தான். நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்: "டேய் ராசு, கேக்கறதுக்கு வாயத்தான் தொறக்கோணும். பல்லையா புடுங்கப்போறாங்க?"

மறுநாள் காலையில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். முதலில் பட்டறையின் வரலாறு, அடுத்து மரத்தின் தன்மை, அடுத்து இலை வரத்துக் குறைவு, முடிவில் வேண்டுகோள். கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். புது மேனேஜர் சமவெளிப் பக்கத்து இளைஞர். மரியாதை தெரிந்தவர். அதுதான் வினை. "வாங்க சார், உக்காருங்க, டீ சாப்பிடுங்க, உடம்பு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டுக்கொண்டே போக, நான் அவருடைய அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தேன். மூட்டுவலிக்குத் தைலம் சொன்னேன். தைலத்தை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்றும் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வந்தால் காதர் பாயின் வேன் காலியாக நிற்கிறது. பலகைகளை ஏற்கெனவே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்!

"சார் கோட்டுப் போட்டுக்கிட்டு உள்ளார போனாரு. அதுக்கப்பறம் என்ன பேச்சு?" என்றாள் பாக்கியம்.

இல்லை, நான் இன்னும் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாக்கியமும் மற்றப் பெண்களும் கடைசித் தொட்டியில் பலகையை வரிசையாக, இடைவெளி விட்டு அடுக்கி, மேலே சாக்கை விரித்து முடித்துவிட்டார்கள். சாக்கு எதற்கு என்று கேட்டேன். "பாவம், மேனேஜர் தொரை பாத்தா மனசு கஷ்டப்படுவாரு" என்றாள்.

அடுத்தடுத்து நான் கேட்கப் போனதும், வானிலையைப் பேசிவிட்டு வந்ததும் உனக்கு வேண்டாம். அதற்கிடையில் மாடியில் பலகைகள் ராஜோபசாரத்தில் இருந்தன. இலையை நடுவில் புரட்டிவிடுவது அந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கம். பலகையையும் விடவில்லை. ஷிப்டுக்கு ஒரு தடவை சாக்கை நீக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பனி விலகி ஒரு மழை பெய்தது. யாரும் எதிர்பாராமல் கிராமங்களிலிருந்து இலை வந்து குவிந்துவிட்டது. புதிதாக வந்திருந்த மேஸ்திரிக்கு எந்தத் தொட்டியில் என்ன என்று தெரியாது. சாக்கு விரித்த தொட்டியைப் பார்த்ததும், இலை போடத்தான் சுத்தமாக விரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பலகை மேல் சாக்கு, சாக்கு மேல் பச்சை இலை. ராத்திரி முழுக்கக் கீழிருந்து காற்று. தேக்கின் வாசனையெல்லாம் இலைக்குள். இலையின் ஈரமெல்லாம் சாக்கு வழியாகப் பலகைக்குள்.

மறுநாள்தான் நான் எப்படியும் கேட்டுவிடுவது என்று போயிருந்தேன். மேனேஜர் வரிசையாகக் கோப்பைகளை வைத்துத் தேநீரைச் சுவை பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியால் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, துப்பி, அடுத்ததற்கு நகர்வார். ஒரு கோப்பையில் நின்றுவிட்டார். இன்னொரு தடவை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்குத்தான் நாக்கு சரியில்லையா?"

குடித்தேன். அக்கா, புது அலமாரியின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டது போல இருந்தது.

"என்ன வாசனை சார் இது?"

"தேக்கு" என்றேன். என் வாழ்நாளில் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னால். மேலே பாக்கியம் கடைசித் தொட்டிக்கு முன்னால், முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது?"

"பலகைங்க தொரை."

"பலகைன்னு எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா ஏன் தொரை கேக்குறீங்க?"

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார், இது சிறு விவசாயிங்க கொண்டாந்து போடற இலை. கெட்டுப்போனா அவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா பலகையை இன்னைக்கே இறக்கிடுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் இன்னும் மோசம். பலகையோ பாதிதான் காய்ந்திருந்தது. இப்போது இலை ஈரத்தையும் குடித்திருந்தது. கீழே இறக்கினால் மூடுபனி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ரோசம்மாவின் டிரங்குப் பெட்டி நேராக மேட்டுப்பாளையம் பஸ் ஏறும்.

நான் மனப்பாடம் செய்திருந்த வரலாறு, தன்மை, வரத்து, வேண்டுகோள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடை கண்ணில் பட்டது. அதை இழுத்துத் தொட்டியோரமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார்?"

"நான் உக்காந்துக்கறனுங்க தம்பி. இலை படாம பாத்துக்கறேன். இலையில வாசம் படாம, தள்ளிப் போடச் சொல்றேன். ஃபேக்டரி ஓடற நேரம் பூராவும் தினமும் இங்கயே இருக்கேன்."

"இந்தக் காத்துல உங்க வயசுக்கு..."

"ஸ்வெட்டர் போட்டுக்கறேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடையை இன்னும் கொஞ்சம் தொட்டிப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். "பக்கத்துல ரெண்டு தொட்டி காலியா இருக்கணும். முழு வரத்து ஆரம்பிச்சா அன்னைக்கே எடுத்துடணும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் கேட்டேனா, கேட்கவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன் கணக்கில் இது கேட்டதாக வருமா?

கெட்டுப்போன தூளை விற்க முடியாது. சம்பந்தப்பட்டவர்களே குடித்துத் தீர்ப்பது என்று முடிவானது. காதர் பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், இனிமே பீரோவுக்குப் பாலும் சக்கரையும் போட்டாப் போதும்" என்றார். ஆனாலும் பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை.

மறுநாளிலிருந்து குரங்குக் குல்லாய், மஃப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் என்று காவலுக்குப் போனேன். கீழிருந்து வருகிற காற்றில் என் வேட்டி அடங்கமாட்டேன் என்றது. இரண்டாம் நாள் முதல் பேன்ட். பெண்கள் என்னை விடவில்லை.

"ஐயா, இப்படிப் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே, பலகைக்கு எப்ப நிச்சயம்?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் இன்னும் தட்டிப் பாத்துச் சம்மதம் சொல்லலை" என்றேன். என் வாயிலிருந்தா இது வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன். மாடியே சிரித்தது. நீ இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர், அதாவது மாசிலாமணி, முதல் தடவை வந்து சாக்கை நீக்கியதும் அலறினார். இலைச் சாறு இறங்கிப் பலகையெல்லாம் கறுஞ்சிவப்பாகக் கோலம் போட்டிருந்தது. "யாருய்யா என் பலகைக்கு மருதாணி வச்சது?" பாக்கியம், "கல்யாணப் பொண்ணுன்னா வைக்கத்தானே செய்வாங்க" என்றாள். அவர் அவளையும் திட்டி, என்னையும் திட்டி, காற்றாடியையும் திட்டிவிட்டு, பலகையைத் தட்டிக் காதை வைத்தார். "இன்னும் இல்ல" என்று போய்விட்டார். மறுபடி வந்தார். இன்னும் இல்லை. இந்த வருகைகளில் ஒன்றை நான் கவனித்தேன்: அவர் வருகிறபோது முகத்தில் ரத்தம் ஓடுகிறது. திட்டத் திட்ட நிறம் கூடுகிறது.

ரோசம்மாவும் ஒரு நாள் எனக்குச் சுண்டல் கொண்டுவந்தார். "டிரங்குப் பெட்டி எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன். "குளிருக்குக் கம்பளிய எடுத்தனுங்க. அப்பறம் கொழம்புச் சட்டிய எடுத்தேன். வேளாங்கண்ணி மாதா படத்தையும் எடுத்து மாட்டிப்போட்டேன். இப்ப அதுல அவரு சட்டை ரெண்டுதான் கெடக்குது" என்றார், குரலைத் தாழ்த்தி.

ஒரு நாள் மாசிலாமணி வந்து தட்டிவிட்டு, காதை எடுக்கவே இல்லை. காற்றாடியை நிறுத்தச் சொன்னார். மறுபடி தட்டினார். எனக்குக் கேட்டதெல்லாம் மரத்தில் விரல் படுகிற சத்தம்தான். அவருக்கு என்ன கேட்டதோ, நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், கீழ எறக்கச் சொல்லுங்க" என்றார்.

"காஞ்சிருச்சுங்களா?"

"பின்ன, காயாத மரத்த எடுத்துக்கிட்டுப் போயி நான் கஞ்சியா காய்ச்சப் போறேன்?"

எல்லோரும் சேர்ந்து இறக்கினோம். மேனேஜரும் ஒரு பலகைக்குத் தோள் கொடுத்தார். புதுப் பட்டறையில் அன்றைக்கே இழைப்புளிச் சத்தம் கேட்டது. தெருவெல்லாம் டீத்தூள் வாசனை.

அப்புறம் ஊருக்கு ஒரு புதுச் சண்டை கிடைத்தது. முதல் பெட்டி யாருக்கு? சுவர் எழுப்பியது நாங்கள் என்றார்கள் பஜனைக்காரர்கள். பெஞ்சு கொடுத்தது நாங்கள் என்றார்கள் மாதா கோயில்காரர்கள். பெஞ்சைத்தான் அவர் வாங்கிக்கொள்ளவில்லையே என்றால், கொடுத்த மனசு பெரிதல்லவா என்கிறார்கள். மாசிலாமணி யார் பேச்சையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்கா? எனக்கு வாசிக்கத் தெரியாதுங்களே" என்றேன்.

"தெரியும். அதனாலதான். இது புதுப் பட்டறையில மொதப் பெட்டி, எங்கயாச்சும் ஒரு கோளாறு இருக்கத்தான் செய்யும். சண்டைக்கு வராத ஆளாப் பாத்துக் குடுத்திரலாம்னு கொண்டாந்துட்டேன்" என்றார். பெட்டியை இறக்கி வைத்தார். போகும்போது வாசற்படியில் நின்று, "காத்துல ரொம்ப நாளு உக்காந்தீங்க" என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பெட்டியின் மேல்பலகையில் தேயிலைச் சாறு இறங்கிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. இழைத்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்பது பெரிய வார்த்தை. துருத்தியை அமுக்கி ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்க்கிறேன். அவர் சொன்னபடியே கோளாறும் இருக்கிறது. நடுவில் ஒரு கட்டை, தொட்டால் எழுந்து வருவதில்லை. விரலை எடுத்த பிறகும் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கிறது. முதலில் என் விரல்தான் தப்போ என்று நினைத்தேன். நகத்தை வெட்டிப் பார்த்தேன். ஈரமோ என்று கணப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உட்காருகிற மணையைக்கூட மாற்றிப் பார்த்தேன். இல்லை அக்கா, கோளாறு பெட்டியில்தான். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

சொல்லிவிட்டதால் ஒரு வாக்கும் கொடுத்துவிடுகிறேன். நாளைக்குக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவேன். வரலாறு, தன்மை எதுவும் பேசமாட்டேன். அம்மா எப்படி இருக்கிறார், மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கமாட்டேன். வாசலில் நின்றபடியே, "மாசிலாமணி, இந்தக் கட்டை சரியில்லை" என்று சத்தமாகச் சொல்வேன். அவர் கத்துவார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார். கத்தட்டும். அதற்குத்தானே அவரை இந்த மலையை விட்டு இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறோம்.

உன் கையைப் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்து பழகிய,
இப்போது தனியாகக் கடக்கப் போகிற
உன் தம்பி ராசு